ஒரே தண்ணீர், ஆறு நிமிடம்

வேளச்சேரியில் குடியிருப்பவளுக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் ஊரெல்லாம் வெளிநாடுதான். அந்தக் கணக்கில் குன்னூருக்குப் போனது என்னுடைய இரண்டாவது வெளிநாட்டுப் பயணம். முதலாவது கொடைக்கானல். அங்கே படகிலிருந்து விழுந்ததைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறேன். கடல் தாண்டி ஒரு தேசத்தில் குவாண்டம் அனீலிங் என்ற முறையில் வேலை செய்யும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. இங்கிருந்து இணையம் வழியாகக் கேள்வியை அனுப்பினால் பதில் வரும். கொல்லன் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவார்கள் அல்லவா, ஆறும்போது உள்ளே இருப்பதெல்லாம் தனக்குத் தோதான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே தந்திரம்தான். ஆயிரம் வழிகளில் சிக்கனமான வழி எது என்று கேட்டால் இந்த இயந்திரம் அதில் போய் உட்காரப் பார்க்கும். ஒரே வித்தியாசம், இதை வைத்திருக்கும் குளிருக்கு முன்னால் ஊட்டிக் குளிரெல்லாம் கத்திரி வெயில்.

மூன்று வருடமாக என் ப்ராஜெக்டின் ஒரே கேள்வி: நம் மேஜையில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரை இது உண்மையில் ஜெயிக்கிறதா? ஜெயிக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். எழுதியது மட்டுமா, பச்சை நிறத்தில் உயரமாக ஒரு தூணும் சிவப்பு நிறத்தில் குட்டையாக ஒரு தூணும் போட்டுப் படமே வரைந்திருந்தேன். பச்சை குவாண்டம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு தேயிலை ஃபேக்டரியின் தினசரித் தலைவலி. சிறு விவசாயிகள் பறித்த கொழுந்து நாற்பத்திரண்டு ஷெட்டுகளில் காத்திருக்கும். ஆறு வண்டிகள் போய் எடுத்து வர வேண்டும். சாக்கில் அதிக நேரம் இருந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். எந்த வண்டி எந்த ஷெட்டுக்கு எந்த வரிசையில் போவது? கேட்க எளிது. வழிகளை எண்ண ஆரம்பித்தால் ஆயுசு போதாது.

வெள்ளிக்கிழமை, ப்ராஜெக்டுக்குப் பணம் தரும் இடத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு அந்த ஃபேக்டரிக்கே வந்து நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. குவாண்டம் ஜெயித்தால் ப்ராஜெக்ட் இன்னும் மூன்று வருடம். இல்லையென்றால் கடையைக் கட்டிவிட்டு நான் முதலாமாண்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். திரையில் பெயரை அச்சடிப்பது எப்படி என்று நூற்றிருபது பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லித் தருவது. என் உதவி ஆராய்ச்சியாளர் கீதாவுக்கு அதுகூட இல்லை, வேலையே போய்விடும். இதற்குத்தான் நான்கு நாள் முன்னதாக, திங்கட்கிழமையே மலையேறினேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஃபேக்டரி ஜீப்போடு நின்றவர் பெள்ளி. ஐம்பது வயதிருக்கும், நீலகிரியின் படகர் சமூகத்தவர். கொழுந்து வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் தலைமை டிரைவர். என் இரண்டு ஸ்வெட்டரையும் மேலே சுற்றிய சால்வையையும் பார்த்துவிட்டு, இது இங்கே வெயில் காலம் என்று மரியாதையாகத் தெரிவித்தார். அவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார்.

வழியில் தோட்டத்தைப் பார்க்கப் போகும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டோம். அவர்கள் என் லேப்டாப் பையைக் காட்டிப் படக மொழியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பெள்ளியைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார். வண்டி போக வழி கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வருகிறார்களாம். இருப்பதே ஒரு ரோடு, அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகுமோ என்று ஒருத்தி கேட்கிறாளாம்.

அந்த ஒரு ரோட்டின் நடுவிலும் அடுத்த வளைவில் ஒரு காட்டெருமை நின்றது. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் மாமனாரைப் போல நகரும் எண்ணமே இல்லாமல் நின்றது. பெள்ளி எஞ்சினை அணைத்துவிட்டுப் பையிலிருந்து அந்த ஊர் பிஸ்கட்டான வர்க்கியை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். ஹார்ன் அடிக்கலாமே என்றேன். அடிக்கலாம், ஆனால் அடித்தவரைக் காட்டெருமை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றார். முக்கால் மணி நேரம் வர்க்கி தின்றோம். அடுக்கடுக்காக உதிரும் அதன் துகள் என் இரண்டு ஸ்வெட்டரிலும் வெள்ளிக்கிழமை வரை இருந்தது.

ஃபேக்டரி விருந்தினர் அறையில் தங்கினேன். மேனேஜர் சண்முகம் திருப்பூர்ப் பக்கத்துக்காரர், பாட்டன் காலத்தில் மலையேறிய குடும்பம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தது. சென்னையில் களி என்றால் நான் நகர்ந்து உட்காருபவள். இங்கே இரண்டாவது உருண்டையையும் கேட்டு வாங்கினேன். குளிர் எல்லா வறட்டு கௌரவத்தையும் எடுத்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை சோதனை ஓட்டம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் மிச்சம். மூடுபனி இறங்கியது, இணையம் போனது. ஃபேக்டரித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்றார் சண்முகம். அவரே தினமும் மகளோடு பேச அங்கேதான் ஏறுகிறாராம். இரும்பு ஏணியில் புடவையைச் செருகிக்கொண்டு, லேப்டாப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினேன். இருபது மைக்ரோ செகண்டில் வேலையை முடிக்கும் இயந்திரத்திடம் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. கீழே இறங்கியதும் சண்முகம் ஆர்வமாகக் கேட்டார்.

“அந்த மெஷின் எவ்வளவு நேரத்துல முடிச்சுதுங்க மேடம்?”

கண்ணை மூடித் திறப்பதற்குள் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், எனக்கு டீ வரவழைத்தார். கொங்கு மரியாதை. எனக்குத்தான் சுரீர் என்றது. இணையம் என் பொறுப்பு இல்லை என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போய்ப் படுத்தேன்.

புதன்கிழமை காலையும் பனி விலகவில்லை. சும்மா இருக்க வேண்டாம், டேஸ்டிங் ரூம் பாருங்கள் என்று அனுப்பினார் சண்முகம். அங்கே சரளா இருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஃபேக்டரியில் அன்றன்று தயாராகும் டீயை ருசி பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், நீளமான வெள்ளை மேடை, மேலே வரிசையாக மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரே எடையில் தூள், ஒரே கெட்டிலிலிருந்து தண்ணீர். ஆறு நிமிடக் கடிகாரம் ஒன்று. அது மணியடித்ததும் வடித்து, ஒரு கரண்டி எடுத்து உர்ரென்று உறிஞ்சி, வாயெல்லாம் ஓடவிட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் டீயை உறிஞ்சினால் என் மாமியார் ஒரு பார்வை பார்ப்பார். அவரை இங்கே கூட்டி வந்து ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு கரண்டி தந்தார் சரளா. முதல் கோப்பை உச்சிமலை எஸ்டேட் டீ, வெளிநாட்டுக்குப் போவது என்றார். இரண்டாவது எங்கள் ஃபேக்டரியின் சாதா டீ என்றார். நான் முதலாவதை உறிஞ்சினேன். ஆஹா, என்ன வாசனை. பூ வாசம் வருகிறது என்றேன். அது போதாதென்று கடைசியில் லேசாக எலுமிச்சைகூடத் தெரிகிறது என்றேன். இரண்டாவதை உறிஞ்சிவிட்டு, பரவாயில்லை, காலையில் எழுந்ததும் குடிக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள். பெள்ளி. அவர் பக்கத்தில் ஃபேக்டரி ஆட்கள் நான்கு பேர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். ரெண்டும் ஒரே டின்னுங்க,” என்றார் சரளா. “புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இத வெப்போம். டின் மேல எழுதியிருக்கறத நாக்கு முன்னாடியே படிச்சுப்போடுதுங்க.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முனைவர் பட்டம் வாங்கியவளை நாலு பேர் முன்னால் எலுமிச்சை வரைக்கும் சொல்ல வைத்துவிட்டார்களே என்று காதெல்லாம் சூடாகிவிட்டது. கோபத்தை மறைக்க, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, எல்லாக் கோப்பைக்கும் ஏன் ஒரே கெட்டில், இரண்டு கெட்டில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன்.

அதற்கு சரளா ஒரு கதை சொன்னார். அவர் முன்பு வேலை பார்த்த வேறொரு ஃபேக்டரியில் டீ தயாரிப்பைக் கவனித்த ஒருவர் தன் டீதான் ஒசத்தி என்று காட்ட ஒரு வேலை செய்தாராம். தன் டீக்கு அப்போதுதான் கொதித்த தண்ணீர். போட்டி ஃபேக்டரி டீக்குக் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கொதித்து உயிர்போன தண்ணீர். தூளில் கைவைக்கவில்லை, எடை ஒன்றுதான், நேரம் ஒன்றுதான். ஆனால் போட்டிக்காரன் டீ செத்துக் கிடக்கும். மாதக்கணக்கில் அவர் டீதான் ஜெயித்தது. டீ ஏலத்துக்குப் போய் அங்கே வேறு ஆட்கள் ருசி பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

பொய் சொல்லியிருக்கிறாரே, வேலையை விட்டுத் தூக்கவில்லையா என்றேன்.

“அவருக்கு அது பொய்யின்னே தோணலீங்க,” என்றார் சரளா. “தண்ணிதானேன்னு நெனச்சாருங்க.”

கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தேன். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மணி பத்தேகால்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பச்சைத் தூண் உயரமாக இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். குவாண்டம் இயந்திரத்தைப் பக்குவப்படுத்த நானே எட்டு மாதம் உட்கார்ந்தேன். அதை எவ்வளவு மெதுவாக ஆறவிடுவது, எத்தனை முறை கேட்பது என்று ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்தேன். சாதாரணக் கம்ப்யூட்டருக்கான புரோகிராமைக் கீதா ஒரே மத்தியானத்தில் எழுதினாள், அதையே ஓட்டினோம். ஜனவரியில் அவள் அதைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள், மேடம் இது இன்னும் நன்றாக ஓடுகிறது என்று. கட்டுரைக்கு அது வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். தண்ணிதானே என்று நினைத்தேன்.

அது மட்டுமில்லை. இருபது மைக்ரோ செகண்ட் என்று பெருமை பேசுவது இயந்திரம் யோசிக்கும் நேரம் மட்டும்தான். அதற்கு முன்னால் நம் கேள்வியை அதன் கம்பிகளுக்குள் பொருந்தும்படி மடித்து வைக்க வேண்டும், பட்டுப்புடவையைச் சின்னப் பெட்டிக்குள் வைப்பது மாதிரி. அந்த மடிக்கும் வேலைக்கே பல நிமிடம் ஆகும். அதைச் செய்வது யார்? என் லேப்டாப்தான். தோற்றுப்போகிறது என்று நான் படம் வரைந்த அதே லேப்டாப். அந்த நிமிடங்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மத்தியானம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி கீதாவைக் கூப்பிட்டேன். ஜனவரியில் எழுதிய புரோகிராமை அனுப்பு என்றேன்.

“மேடம், அத ஓட்டினா நாம தோத்துருவோம். தெரியும்ல?”

தெரியும் என்றேன். உன் வேலையும் போகும், அதுவும் தெரியும் என்றேன். அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அனுப்பிவிட்டேன், மெயில் பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பத்து வினாடிகூட ஆகவில்லை. நான் கேட்பேன் என்று ஜனவரியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள் போல.

வியாழக்கிழமை பனி கொஞ்சம் விலகி இணையம் விட்டுவிட்டு வந்ததால் சோதனையை டேஸ்டிங் ரூமிலேயே வைத்தேன். சரளாதான் நடுவர். சட்டதிட்டமெல்லாம் அவருடையது. இரண்டு பக்கமும் ஒரே கேள்வி. இரண்டுக்கும் ஆனமட்டும் பக்குவம். நேரம் என்றால் முதல் பட்டனை அழுத்துவதிலிருந்து பதில் கைக்கு வரும் வரை, நடுவில் எதையும் கழிக்கக் கூடாது. பதில்களைத் தாளில் எழுதி நம்பர் மட்டும் போட வேண்டும், எது எந்த மெஷின் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. ஒரு நாளை வைத்து முடிவு சொல்லக் கூடாது, ஒரு மடக்கு வைத்து டீயை எடை போடுவார்களா என்றார். ஆகவே பழைய கணக்கிலிருந்து பத்து வெவ்வேறு நாட்களை எடுத்தோம்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் சலுகை கேட்டேன். பனிக்கும் ஏணிக்கும் குவாண்டம் பொறுப்பில்லை, இணையம் போகும் நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். சரளா யோசித்துவிட்டு, அது நியாயம்தான், மழையில் நனைந்த தூளை யாரும் ருசி பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

ஆறு நிமிடக் கடிகாரத்தைத் திருகி வைத்தார். முதல் நாளின் கணக்கை லேப்டாப்பில் கீதாவின் புரோகிராமுக்குக் கொடுத்தேன். சரளா ஒரு கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு இரண்டாவதைக் கையில் எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அடுத்து குவாண்டம் முறை. மறுபடி கடிகாரம். புடவை மடிக்கும் வேலை ஆரம்பித்தது. சரளா எல்லாக் கோப்பைகளையும் துடைத்தார். கெட்டிலைத் துடைத்தார். மேடையைத் துடைத்தார். மணியடித்தது, இன்னும் மடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பும் காட்சி ஞாபகம் வந்தது.

பதில்கள் இரண்டையும் எழுதி நம்பர் போட்டு, ஓட்டப்போகிறவர் என்ற முறையில் பெள்ளியிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஷெட் ஷெட்டாக விரலை ஓட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது.

“ஏனுங்க மேடம், இந்த ஷெட்டுக்கு ரெண்டு வண்டி வருது. மேல இருக்கற ஷெட்டுக்கு வண்டியே இல்லீங்களே. அவங்க கொழுந்தத் தலையில தூக்கிட்டு வரோணுமுங்களா?”

அது எது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே என் மூஞ்சியில் தெரிந்திருக்கும். குவாண்டம் சில சமயம் இப்படிச் செய்யும், பிறகு நாம்தான் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்டோம். போட்ட பிறகும் சுற்று நீளம்தான்.

சாயங்காலத்துக்குள் பத்து நாளும் முடிந்தது. ஒன்பது நாள் லேப்டாப் ஜெயித்தது, நேரத்திலும் தூரத்திலும். ஏழாவது நாள் மட்டும் விதிவிலக்கு. அன்று மண்சரிந்து இரண்டு பாதை அடைபட்டு, மூன்று வண்டிதான் ஓடியிருக்கிறது. நேரத்தில் அன்றும் லேப்டாப்தான் முன்னால். ஆனால் குவாண்டம் கொடுத்த சுற்று கொஞ்சம் குறைவு. பெள்ளியும் அந்தத் தாளைத்தான் எடுத்தார். என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கிற மனநிலையிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே பச்சைத் தூணை அழித்தேன். மூன்று வருடத் தூண். ஒரு பட்டனை அழுத்தினால் போய்விடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

குழு பதினோரு மணிக்கு வந்தது. வழியில் காட்டெருமை. மூன்று பேரும் வர்க்கித் துகளோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். இதுவரை நான் எழுதிய ஒப்பீடு நியாயமான ஒப்பீடு இல்லை. நியாயமாக ஒப்பிட்டால் இந்த வேலையில் சாதாரண லேப்டாப்தான் ஜெயிக்கிறது. பத்து நாளின் தாள்களையும் மேஜையில் வைத்தேன்.

குழுத் தலைவர் வயதானவர், நல்லவர். தாள்களைப் புரட்டி ஏழாவதில் நிறுத்தினார். இதில் குவாண்டம் நன்றாகச் செய்திருக்கிறதே என்றார். அது தற்செயல் சார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பழைய படத்தையே காட்டியிருந்தா நாங்க ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோமேம்மா,” என்றார்.

“அது தெரியும் சார்,” என்றேன்.

அவ்வளவுதான். ப்ராஜெக்டை நீட்டிக்க வழியில்லை, கைவசம் மிச்சமிருக்கும் இயந்திர நேரத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். மிச்சம் இருந்தது சில நிமிடங்கள். குழுவில் ஒருவர் கடைசி வரை குவாண்டம் எந்தத் தூண் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பியதும் சண்முகம் என்னிடம் மெல்ல வந்தார். எனக்கு ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை. அந்த லேப்டாப் புரோகிராமைத் திங்கட்கிழமையிலிருந்து ஃபேக்டரியில் ஓட்ட முடியுமா, எழுதியவரை அனுப்ப முடியுமா, தங்க இடமும் சம்பளமும் தருகிறோம் என்றார். நான் தொட்டி மேல் ஏறி கீதாவிடம் சொன்னேன். இந்தத் தடவை அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. நானும் அழுதேன். பெள்ளி கீழேயிருந்து பார்த்துவிட்டு, காற்று அதிகம், இறங்குங்கள் என்று கத்தினார்.

அடுத்த வாரமே கீதா குன்னூரில், நான் வேளச்சேரியில். நூற்றிருபது பிள்ளைகள், திரையில் பெயரை அச்சடிப்பது எப்படி. முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் குவாண்டம் அனீலிங் ஏமாற்று வேலை, எந்த நாளும் ஜெயிக்காது என்று சொல்ல ஆரம்பித்தேன். முன்னால் அது எந்த நாளும் தோற்காது என்று சொன்ன அதே வேகத்தில் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து சரளாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே இரண்டு பொட்டலம் டீத்தூள், பெயர் இல்லை. ஒன்றில் ஒன்று என்றும் இன்னொன்றில் இரண்டு என்றும் எழுதியிருந்தது. துண்டுச் சீட்டில், ருசி பார்த்துச் சொல்லுங்க மேடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் இந்த வேலை? சமையலறைத் தராசில் ஒரே எடை போட்டேன். ஒரே பாத்திரத்துத் தண்ணீர். செல்போனில் ஆறு நிமிடம். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் உர்ரென்று உறிஞ்சிவிட்டு, வாஷ் பேசினில் துப்பிவிட்டு, உடனே சரளாவைக் கூப்பிட்டேன்.

இரண்டும் ஒரே டின், இந்தத் தடவை நான் ஏமாறவில்லை என்றேன். பூ வாசமும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னேன்.

சரளா யாரிடமோ கெட்டிலை இறக்கச் சொன்னார். பின்னால் ஃபேக்டரி ஓடும் சத்தம் கேட்டது.

“இல்லீங்க மேடம், இந்தத் தடவை வேற வேறங்க,” என்றார். “ஒண்ணு நெசமாலுமே உச்சிமலை டீங்க. நல்லதா அனுப்போணும்னு தேடி எடுத்தேன். நீங்க குடிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிப்போட்டீங்க போல.”

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். என்ன ஆச்சு என்றார் மாமியார். தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். அவர் நான் அப்படிச் சொல்லி இதுவரை கேட்டதில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அலமாரியிலிருந்து குன்னூர் ஃபைலை எடுத்தேன். பத்துத் தாள்களில் ஏழாவதைத் தனியாக உருவினேன். மண் சரிந்த நாள், மூன்று வண்டி, இரண்டு பாதை இல்லை. தற்செயல் சார் என்று நான் சொன்னது ருசி பார்க்காமல் சொன்னது. மிச்சமிருந்த இயந்திர நிமிடங்களை ஒரு தாளில் குறித்தேன். அதே மாதிரி பாதை அடைபட்ட நாட்கள் வேறு இருக்கின்றனவா என்று பெள்ளியிடம் கேட்கச் சொல்லி கீதாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

பிறகு இரண்டு கோப்பைகளையும் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, பாத்திரத்தில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன்.